மழை பொய்த்த வருடங்களும் எண்ணெய் ஏறிய வருடங்களும்

எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் திண்ணையில் மாலை ஐந்தரைக்கு மேல் ஐந்தாறு பேர் கூடுவோம். எல்லோரும் பென்ஷன்தாரர்கள். சர்க்கரை அளவு, பேரன் பேத்தி, காவிரியில் தண்ணீர் எல்லாம் பேசி முடித்தபின் பேச்சு விலைவாசிக்கு வரும். வந்தவுடன் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவோம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "எல்லாம் உக்ரைன் சண்டையால வந்தது சார்" என்பார். கூட்டுறவு சொசைட்டியில் செக்ரட்டரியாக இருந்தவர், "அதெல்லாம் சாக்கு சார். நம்ம ஆளுங்க நிர்வாகம் சரியில்ல" என்பார். இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள் என்பதால் அங்கே நான் வாயைத் திறப்பதில்லை. இங்கே திறக்கிறேன்.

ஒரு நாட்டின் தொழிலும் வியாபாரமும் சில வருடங்கள் நன்றாக ஓடுகின்றன, சில வருடங்கள் படுத்துவிடுகின்றன. அப்படிப் படுப்பதற்குக் காரணம் உள்ளே விழுந்த அடியா, வெளியிலிருந்து வந்த அடியா? பொருளாதாரப் பேராசிரியர்கள் இதற்குப் பெரிய பெரிய கணக்குகள் போடுகிறார்கள். நான் கும்பகோணத்தில் பி.ஏ. பொருளாதாரம் படித்தவன்தான் என்றாலும், கற்றுக்கொண்டதெல்லாம் வங்கிக் கவுண்டரில். 1970ல் குமாஸ்தாவாகச் சேர்ந்து 2009ல் மேலாளராக ஓய்வு பெற்றேன். இந்த இடைவெளியில் நாட்டுக்கு விழுந்த அடிகளில் பாதி என் மேஜை வழியாகத்தான் போயிற்று.

முதலில் ஒரு கணக்கு. சுதந்திரம் வாங்கியதிலிருந்து 2020 வரை, நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய வருடத்தைவிடக் குறைந்தது நான்கே நான்கு வருடங்களில்தான். 1957-58, 1965-66, 1972-73, 1979-80. (2020 கொரோனா வருடம் தனிக் கதை. அதை இங்கே சேர்க்கவில்லை.) இந்த நான்கு வருடங்களுக்கும் பொதுவானது ஒன்றுதான்: மழை பொய்த்தது. அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றிய பிறகு வந்த 1974-75 இந்தப் பட்டியலில் இல்லை. தங்கத்தை அடகு வைத்த 1991-92ம் இல்லை. அந்த வருடங்களில் வளர்ச்சி ஒரு சதவிகிதத்தை ஒட்டி இழுபறியாக நின்றதே தவிர, கீழே போகவில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அறுபதுகளில் நாட்டு வருமானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு விவசாயத்திலிருந்து வந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் என்ன செய்கிறது என்பதே அந்த வருடத்தின் வியாபாரம். இந்திய பட்ஜெட் மழையை நம்பி ஆடும் சூதாட்டம் என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள். நம் டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் குறுவைக்கான மழை நம் ஊரில் பெய்வதில்லை, குடகில் பெய்கிறது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா என்று இங்கே காத்திருக்கிறோம். உள்நாட்டு அடி என்பதுகூட நமக்கு மேற்கு மலையைத் தாண்டித்தான் வருகிறது.

ஓர் இடைச்செருகல். 1870களில் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர், இங்கிலாந்தின் வியாபார மந்தங்களுக்குச் சூரியனின் கரும்புள்ளிகள் காரணம் என்று எழுதினார். கரும்புள்ளிகள் பத்துப் பதினோரு வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகின்றன. அதையொட்டி இந்தியா போன்ற நாடுகளில் விளைச்சல் மாறுகிறது. விளைச்சல் கெட்டால் இங்குள்ள குடியானவன் மான்செஸ்டர் துணி வாங்க மாட்டான். அங்கே ஆலை முடங்கும் என்பது அவர் வாதம். கரும்புள்ளிக் கணக்கு பிற்பாடு நிற்கவில்லை. ஆனால் அவர் இதை எழுதிய காலம், நம் பாட்டிமார்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன காலத்தை ஒட்டியது. இங்கே ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த மழைக்குறைவு, இங்கிலாந்துப் பேரேட்டில் 'வெளிநாட்டு அடி' என்று ஏறியிருக்கிறது. உள்ளே, வெளியே என்பதெல்லாம் எந்தக் கரையில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

வெளியிலிருந்து மட்டுமே வந்த அடி எப்படி இருக்கும் என்பதற்கு 1930களைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1929ல் பங்குச் சந்தை விழுந்து உலகமெங்கும் மந்தம் பரவியது. தஞ்சாவூர் வயல்களில் விளைச்சல் குறையவில்லை. விலைதான் விழுந்தது. நெல் விலை பாதி அளவுக்கு இறங்கியது. ஆனால் கிஸ்தி ரூபாயில்தான் கட்ட வேண்டும், அது இறங்கவில்லை. அதாவது அதே கிஸ்திக்கு இரண்டு மடங்கு நெல்லை விற்க வேண்டும். வாங்கிய கடனும் அப்படியே. என் தாத்தாவுக்கு ஒன்றரை வேலி நிலம். 1932ல் பாட்டியின் காசுமாலை போயிற்று. எங்கள் வீட்டில் அந்த வருடத்துக்கு 'காசுமாலை போன வருஷம்' என்றே பெயர்.

எங்கள் வீட்டில் மட்டுமல்ல. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க நாணய முறையைக் கைவிட்டது. பவுண்டின் மதிப்பு விழுந்தது. ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் கூடவே விழுந்தது. ஆகவே ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறியது. கையில் காசில்லாத நேரத்தில் தங்கத்துக்கு விலை ஏறினால் என்ன ஆகும்? நாடு முழுக்க நகைகள் உருகி, கட்டிகளாகிக் கப்பல் ஏறின. பர்மாவில் வட்டிக்குக் கொடுத்திருந்த நகரத்தார்களுக்கு வேறு விதமான கஷ்டம். நெல் விலை விழுந்ததில் பர்மியக் குடியானவர்களால் பணம் திருப்பித் தர முடியவில்லை, நிலத்தைத் தந்தார்கள். 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. வேண்டிப் பெற்ற சொத்தல்ல, வராத கடனுக்கு ஈடாக வந்த சொத்து. பின்னால் யுத்தத்திலும் பர்மாவின் நிலச் சட்டங்களிலும் அதுவும் போயிற்று.

இனி நான் கண்ணால் பார்த்தவை.

1965ல் தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் சுமார் 18 சதவிகிதம் குறைவு. முந்தைய வருடம் 8.9 கோடி டன் விளைந்த உணவு தானியம் 7.2 கோடி டன்னாக இறங்கியது. அதே வருடம் பாகிஸ்தானோடு யுத்தம். யுத்தத்தைக் காரணம் காட்டி அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1966லும் மழை சரியில்லை. ஒரே சமயத்தில் மூன்று அடி. சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடச் சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் அம்மா அதைக் கடைப்பிடித்தாள். வளரும் பையன்களான எங்களுக்கு மட்டும் கோதுமை ரவை உப்புமா. அந்த உப்புமாவின் வாசனை எனக்கு இன்றும் ஆகாது.

தஞ்சாவூர் ஜில்லாவில் நெல் இருந்தது. ஆனால் அதை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு. பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் அரிசிப் பை இருக்கிறதா என்று சோதனை போடுவார்கள். மெட்ராஸில் இருந்த சித்தப்பா வீட்டுக்குக் கல்யாணப் பட்சணக் கூடையில் நாலு படி அரிசி போனதை இப்போது சொன்னால் தப்பில்லை என்று நினைக்கிறேன். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தார்கள். நாடே பசித்திருந்தபோது டெல்லியின் கண் முதலில் எங்கே திரும்பியது என்பதற்கு அது சாட்சி.

வெளிநாட்டு அடி எங்கே வந்தது என்றால் கப்பலில். 1966ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி, பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. ஜனாதிபதி ஜான்சன் அதை மொத்தமாகத் தரவில்லை. மாதக் கணக்கில் அளந்து அளந்து விட்டார். வியட்நாம் விஷயத்தில் நாம் குறை சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. ரூபாயின் மதிப்பைக் குறைக்கச் சொல்லி உலக வங்கியும் நெருக்கியது. 1966 ஜூன் 6ல், டாலருக்கு 4 ரூபாய் 76 பைசாவாக இருந்தது 7 ரூபாய் 50 பைசாவானது. அதற்குப் பதிலாக எதிர்பார்த்த உதவி, சொன்னபடி தொடர்ந்து வரவில்லை. காமராஜருக்கு இந்த முடிவில் கடும் கோபம் என்பது அப்போதே ஊருக்குத் தெரியும்.

இதை வைத்து 1966ஐ 'அமெரிக்காக்காரன் செய்த வேலை' என்று சொல்வாரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அவன் கழுத்தைப் பிடித்தது உண்மை. ஆனால் அவன் பிடிக்கும்படி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது, நம் கிடங்கு காலியாக இருந்ததால். இரண்டு ஐந்தாண்டுத் திட்டங்களாகக் கனரகத் தொழில், கனரகத் தொழில் என்று போய், கோதுமைக்கு அமெரிக்கா இருக்கிறது என்ற தைரியத்தில் வயலைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். உணவு மந்திரியாக இருந்த சி. சுப்பிரமணியம் அதைப் புரிந்துகொண்டவர். 1966ல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை வரவழைத்தார். இங்கே ஆடுதுறை 27 வயலுக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

மழை பொய்த்தால் நெல் குறையும், அது சரி. கோயம்புத்தூர் பட்டறை ஏன் படுத்தது? பலர் கவனிக்காத சங்கிலி இது. தானியம் வாங்க டாலர் போயிற்று. டாலர் இல்லாததால் உதிரிபாகம் வரவில்லை. வரவு குறைந்ததால் அரசாங்கம் செலவை வெட்டியது. நான்காம் ஐந்தாண்டுத் திட்டத்தையே மூன்று வருடம் தள்ளிப் போட்டார்கள். ரயில்வே வேகன் ஆர்டரைக் குறைத்தது. வேகன் குறைந்தால் இரும்பு குறையும், வார்ப்படம் குறையும், மோட்டார் குறையும். அரிசிக்குக் கூடுதலாகக் கொடுத்த குடும்பம் துணி எடுக்கவில்லை, ஆகவே நூற்பாலையும் மந்தம். இரண்டாவது மழை பொய்த்து ஒரு வருடம் கழித்தும் என்ஜினியரிங் படித்தவன் வேலை இல்லாமல் ஊரில் சீட்டாடிக்கொண்டிருந்தான். வானத்தில் விழுந்த அடி தொழிற்சாலைக்கு வந்து சேர அத்தனை நாள் பிடித்தது.

அரசியலுக்கு அதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற கோஷம் எந்தச் சுவரில் இல்லை? இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடும் ஆறவில்லை. இரண்டும் சேர்ந்தன. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காமராஜரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். பசுமைப் புரட்சிக்கு விதை வாங்கிய சி. சுப்பிரமணியமும் தோற்றார் என்பதுதான் எனக்கு இன்றும் மனதில் நிற்பது. அவர் போட்ட விதையின் பலன் அடுத்தவர் ஆட்சியில்தான் விளைந்தது.

1973க்கு வருவோம். அக்டோபரில் அரபு-இஸ்ரேல் யுத்தம். மூன்று டாலர் சுமாராக இருந்த ஒரு பீப்பாய் எண்ணெய், 1974 ஜனவரியில் பதினொன்றைத் தாண்டியது. 1972-73ல் சுமார் 200 கோடி ரூபாயாக இருந்த நம் எண்ணெய் இறக்குமதிச் செலவு, இரண்டே வருடத்தில் 1,100 கோடிக்கு மேல் போயிற்று. மண்ணெண்ணெய் வரிசையில் டின்னை வைத்துவிட்டு, டின்னுக்குக் காவலாகத் தம்பியை வைத்துவிட்டு ஆபீஸ் போன காலம் அது.

அந்த விலைவாசிக்கு அரபுக்காரன்தான் காரணம் என்று அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். தேதியைப் பாருங்கள். 1971ல் கிழக்கு வங்காளத்திலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள், தொடர்ந்து யுத்தம். 1972ல் மழை 24 சதவிகிதம் குறைவு. 1972-73லேயே மொத்த விலைவாசி பத்து சதவிகிதம் ஏறிவிட்டது. 1973 ஏப்ரலில் கோதுமை மொத்த வியாபாரத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. சரக்கு சந்தைக்கு வராமல் பதுங்கியது. மறுவருடம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். இதெல்லாம் எண்ணெய்க்கு முன்பே நடந்தவை. ஏற்கெனவே காய்ச்சலில் இருந்தவன் மேல் பனி கொட்டியது மாதிரி எண்ணெய் வந்து விழுந்தது. 1974 செப்டம்பரில் விலைவாசி முந்தைய வருடத்தைவிட 30 சதவிகிதத்துக்கும் மேல்.

வெளிநாட்டு அடிக்கு ஒரு தேதி, ஒரு பெயர், பத்திரிகையில் ஒரு படம் எல்லாம் இருக்கும். தூர்வாராத வாய்க்காலுக்கும், நிரப்பாத கிடங்குக்கும், வரவுக்கு மீறின பட்ஜெட்டுக்கும் அப்படித் தேதி கிடையாது. ஆகவே நினைவில் நிற்பது முதலாவதுதான்.

1974 ஜூலையில் அவசரச் சட்டங்கள் வந்தன. சம்பள உயர்வு முழுவதையும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியையும் கட்டாய டெபாசிட்டாகப் பிடித்தார்கள். வங்கி வட்டி விகிதம் 7லிருந்து 9 சதவிகிதமானது. எங்கள் கிளையில் கடன் வேண்டாம் என்று சொல்வதற்கென்றே ஒரு கடித வாசகம் தயாராக இருந்தது, பெயரும் தேதியும் மட்டும் மாற்றி டைப் அடிப்பேன். ஏற்கெனவே மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்து, கடுமையாக ஒடுக்கப்பட்டிருந்தது. இந்தக் கட்டாய டெபாசிட்டைப் பற்றி எங்கள் தலைமுறை நிறையப் புலம்பியிருக்கிறது. எங்களுக்காவது பஞ்சப்படி என்று ஒன்று இருந்தது, அதில் பாதி. நடவுக்குப் போகிறவளுக்கும் வண்டி ஓட்டுகிறவனுக்கும் பிடிப்பதற்கே ஒன்றும் இல்லை.

1974 செப்டம்பருக்குப் பிறகு விலை இறங்கத் தொடங்கியது. 1975ல் நல்ல மழை, இன்னும் இறங்கியது. நெருக்கடி நிலையால்தான் விலைவாசி கட்டுப்பட்டது என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். நெருக்கடி நிலை வந்தது 1975 ஜூன் 25ல். விலை அதற்கு ஒன்பது மாதம் முன்பே திரும்பிவிட்டது.

அதே எண்ணெய் விலை நம் பக்கத்துக்கு இன்னொன்றையும் கொண்டுவந்தது. அரபு நாடுகளில் பணம் கொழித்தது, கட்டிட வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கமிருந்து முன்பு மலேயா, சிங்கப்பூர் போனவர்களின் பிள்ளைகள் இப்போது வளைகுடாவுக்குப் போனார்கள். எழுபதுகளின் கடைசியில் டிராஃப்ட் வராத நாள் இல்லை. ஓட்டு வீடுகள் மொசைக் தரை போட்ட மாடி வீடுகளாயின. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற தெருவுக்கு அந்த எண்ணெயே பணமும் அனுப்பியது.

1979ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மழை 19 சதவிகிதம் குறைவு, ஈரானில் புரட்சி, எண்ணெய் மறுபடி இரண்டு மடங்குக்கு மேல், டெல்லியில் மாறி மாறி ஆட்சி. எல்லாம் ஒரே வருடத்தில். மொத்த உற்பத்தி 5.2 சதவிகிதம் விழுந்தது. நான் சொன்ன நான்கு வருடங்களில் இதுதான் மிக மோசம். பின்னர் 1981ல் சர்வதேச நிதியத்திடம் பெரிய கடனுக்கு ஏற்பாடு செய்யப்பட்டபோது நிதி மந்திரியாக இருந்தவர் நம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர் ஆர். வெங்கட்ராமன். அந்தக் கடனில் ஒரு பகுதியை எடுக்காமலேயே விட்டுவிட்டார்கள் என்பது பெருமைக்குரிய விஷயம்.

இதோடு 1987ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். மழைக் குறைவு அதே 19 சதவிகிதம். ஆனால் அந்த வருடம் நாடு மூன்று சதவிகிதத்துக்கும் மேல் வளர்ந்தது. கிடங்கில் 2 கோடி டன்னுக்கும் மேல் தானியம் இருந்தது. போர் தண்ணீர் இருந்தது. எண்ணெய் விலையும் அப்போது மலிவு. யாரும் கப்பலை எதிர்பார்த்துத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அதே வானம்தான், அதே அளவு குறைவுதான். 1967ல் தோற்றுப்போன மனிதர் போட்ட அஸ்திவாரம் இருபது வருடம் கழித்துத் தாங்கியது.

1990ல் நான் கோயம்புத்தூரில் அன்னியச் செலாவணிப் பிரிவில் இருந்தேன். ஆகஸ்ட் 2ல் சதாம் உசேன் குவைத்துக்குள் புகுந்தார். எண்ணெய் பதினேழு டாலரிலிருந்து அக்டோபரில் நாற்பதுக்குப் போயிற்று. குவைத்திலும் ஈராக்கிலும் இருந்த நம்மவர்களில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் திரும்பினார்கள். கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர், என் மைத்துனருக்குத் தெரிந்தவர், என்னைத் தேடிக் கோயம்புத்தூருக்கே வந்தார். பன்னிரண்டு வருடச் சம்பாத்தியம். கையில் கொஞ்சம் குவைத் தினார், ஒரு பாஸ்புக். "இத மாத்தித் தர முடியுமா சார்?" என்றார். அந்த நோட்டை ஈராக் செல்லாது என்று அறிவித்திருந்தது. "கொஞ்சம் பொறுங்க பாய், பத்திரமா வச்சிருங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது. காபி வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் எழுந்து போனார்.

ரிசர்வ் வங்கியிலிருந்து சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை. இறக்குமதிக்கு எல்.சி. திறக்க வேண்டுமானால் ரொக்க மார்ஜின் கட்ட வேண்டும். அக்டோபரில் 50 சதவிகிதம். 1991 மார்ச்சில் 133. ஏப்ரலில் 200. அதாவது நூறு ரூபாய் சாமானுக்கு முதலில் இருநூறு ரூபாயை வங்கியில் கட்டிவிட்டுத்தான் ஆர்டர் கொடுக்கலாம். ஜெர்மனியிலிருந்து உதிரிபாகம் வரவழைக்கும் ஒரு மில் முதலாளி சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஏனுங்க சார், இதுக்கு மில்லைப் பூட்டிருங்கன்னே எழுதியிருக்கலாமுங்களே" என்றார். அவர் சொன்னது சரி. நாட்டுக் கையிருப்பில் பதினைந்து நாள் இறக்குமதிக்குத்தான் டாலர் இருந்தது.

இங்கேதான் தேதியை மறுபடி பார்க்க வேண்டும். வளைகுடா யுத்தம் 1991 பிப்ரவரி கடைசியில் முடிந்துவிட்டது. எண்ணெய் அதற்கு முன்பே இருபது டாலருக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. வெளியிலிருந்து வந்த அடி ஆறு மாதம்கூட நிற்கவில்லை. ஆனால் ஸ்டேட் வங்கி மூலம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்துக்குப் போனது மே மாதத்தில். ரிசர்வ் வங்கியின் 47 டன் லண்டனுக்குப் போனது ஜூலையில். எண்ணெய்தான் காரணம் என்றால், எண்ணெய் இறங்கிய பிறகு ஏன் தங்கம் போயிற்று?

எண்பதுகள் முழுக்க வரவுக்கு மீறிச் செலவு செய்தோம். 1980ல் சுமார் 2,000 கோடி டாலராக இருந்த வெளிநாட்டுக் கடன், 1991ல் 8,000 கோடியைத் தாண்டியிருந்தது. மத்திய அரசின் பற்றாக்குறை நாட்டு வருமானத்தில் எட்டு சதவிகிதம் அளவுக்கு. கடனில் ஒரு பகுதி குறுகிய காலக் கடன், யார் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். கூடவே அரசியல். நவம்பரில் ஓர் ஆட்சி கவிழ்ந்தது, மார்ச்சில் அடுத்தது கவிழ்ந்தது, பிப்ரவரியில் முழு பட்ஜெட்கூடப் போட முடியவில்லை. மே 21ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களே பயந்து, ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதத்தில் 90 கோடி டாலருக்கும் மேல் டெபாசிட்டை எடுத்தார்கள். 47 டன் தங்கத்துக்குக் கிடைத்த கடன் சுமார் 40 கோடி டாலர். நம்மவர்கள் எடுத்ததில் பாதிகூட இல்லை.

அப்போது ரிசர்வ் வங்கி கவர்னர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிட்டரமணன். தங்கத்தை அனுப்பியதற்காக அவரைத் திட்டாதவர்கள் குறைவு. எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. தவணை தவறினால் அதற்குப் பிறகு எந்த எல்.சி.யும் செல்லாது என்பது அந்தப் பிரிவில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். என் பாட்டி காசுமாலையை விற்றுக் கிஸ்தி கட்டியது நிலம் ஏலம் போகாமலிருக்க. இவரும் அதைத்தான் செய்தார்.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ரூபாய் மதிப்பு ஜூலை 1லும் 3லும் இரண்டு தடவையாகக் குறைந்தது, 24ஆம் தேதி மன்மோகன் சிங் பட்ஜெட் வந்தது, கதவு திறந்தது. கதவு திறந்ததில் அடி விழும் இடமும் மாறிவிட்டது. 1990ல் நம் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டையும் கூட்டினால் நாட்டு உற்பத்தியில் பதினைந்து சதவிகிதம் சுமார். 2008ல் ஐம்பதுக்கு மேல். விவசாயத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே.

அதைத் திருப்பூரில் பார்த்தேன், என் கடைசி போஸ்டிங். 2008 செப்டம்பர் 15ல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. அந்த வருடம் நம் நாட்டில் மழைக்குக் குறைவில்லை. யுத்தமில்லை. கிடங்கில் தானியம் இருந்தது. ஆனால் தீபாவளி கழிந்து சில வாரங்களில், பனியன் கம்பெனிகளில் இரவு ஷிஃப்ட் நின்றது. ஐரோப்பாவிலிருந்து வர வேண்டிய ஆர்டர் வரவில்லை, அனுப்பிய சரக்குக்கு விலை குறைக்கச் சொன்னார்கள். திண்டுக்கல், தேனி, ராமநாதபுரத்திலிருந்து வந்து வாடகை அறையில் ஆறு பேராகத் தங்கியிருந்த பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். 1966ல் வயலில் தொடங்கிப் பட்டறைக்குப் போன மந்தம், இந்த முறை தையல் மெஷினில் தொடங்கி வயலுக்குத் திரும்பியது. ஊருக்குப் போனால் சோறு உண்டு என்று போனார்கள்.

2009ல் நான் ஓய்வு பெற்றேன். அந்த வருடம் பருவமழை 22 சதவிகிதம் குறைவு, 1972க்குப் பிறகு அவ்வளவு மோசமான மழை கிடையாது. பழைய காலமாக இருந்தால் அது ஐந்தாவது இறங்குமுக வருடமாக ஆகியிருக்கும். ஆகவில்லை. நாடு ஏழு எட்டு சதவிகிதம் வளர்ந்தது. நவம்பரில் ரிசர்வ் வங்கி, சர்வதேச நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை 670 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பத்திரிகையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த நாட்களில் கடையில் துவரம் பருப்பு கிலோ நூறு ரூபாயை எட்டியிருந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் அந்தப் பத்திரிகையில் கடைக்காரர் மடித்துக் கொடுத்த கால் கிலோ பருப்பை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.